ஆர்க்கிட்டைக் கொல்வது குளிர் அல்ல!

"குளிர் நாட்டுல ஆர்க்கிட்டெல்லாம் வராதுங்க. அது காட்டுச் செடி. சூடு வேணும், வேர்வை வேணும். நமக்கு ராசியில்லை."

டொராண்டோவில் இந்த வசனத்தைக் கேட்காத குளிர்காலம் கிடையாது. சொல்றவர் வீட்டு சன்னல் ஓரமா பார்த்தா, அடியில ஓட்டையே இல்லாத பளபளப்பான பீங்கான் தொட்டியில ஊறிப்போன பாசிக்கு நடுவுல நாலு மஞ்சள் இலை தொங்கிக்கிட்டிருக்கும். மூழ்கடிச்சுக் கொன்னுட்டு, பழி மட்டும் குளிருக்கு!

இந்தப் பதிவுல கொஞ்சம் பொங்கப் போறேன். மென்மையான இதயம் உள்ளவங்க இப்பவே அடுத்த பதிவுக்குப் போயிடலாம் :-)

முதல் பொய்: ஆர்க்கிட் வெப்பநாட்டுச் செடி

அண்டார்டிகாவைத் தவிர எல்லாக் கண்டத்திலயும் ஆர்க்கிட் இருக்கு. மொத்தம் ஏறத்தாழ 28,000 இனங்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைக் கேள்விப்பட்டிருப்பீங்க. குளிர்காலத்துல மைனஸ் 30க்கெல்லாம் போகிற ஊர். அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வப் பூ எது தெரியுமா? ஒரு ஆர்க்கிட்! வெள்ளையும் இளஞ்சிவப்புமா பாதம் மாதிரி பூக்கிற சிப்ரிபீடியம் ரெஜினே. 1902-ல் தேர்ந்தெடுத்தாங்க. 1925-ல் அதைப் பறிப்பதே குற்றம்னு சட்டமும் போட்டாங்க. இங்க கனடாவுல பிரின்ஸ் எட்வர்ட் தீவின் பூவும் அதே குடும்பம்தான். ஆறு மாசம் பனிக்கு அடியில தூங்கிட்டு ஜூன் மாசம் எழுந்து பூக்கிற செடிங்க இதெல்லாம்.

(உடனே மண்வெட்டியை எடுத்துக்கிட்டு காட்டுக்குக் கிளம்பிடாதீங்க சாமி. அதெல்லாம் மண்ணுல இருக்கிற பூஞ்சையோட கூட்டு வச்சு வாழுது. தோண்டிக் கொண்டு வந்தா உங்க தோட்டத்துல செத்துப்போகும். காட்டுலயும் ஒண்ணு குறைஞ்சிடும்.)

"அது வேற, கடையில விக்கிறது வேற"ன்னு சொல்வீங்க. நியாயம். கடையில விக்கிறதுல பெரும்பாலும் ஃபலநாப்சிஸ், அதாவது அந்துப்பூச்சி மாதிரி இறக்கை விரிச்ச பூ. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்து வம்சம். சரி, அதையே எடுத்துக்குவோம்.

ஃபலநாப்சிஸுக்குப் பூக்காம்பு விட வைக்கிற சமிக்ஞை எது? சூடு இல்லை. *குளிர்ச்சி*. நெதர்லாந்து கண்ணாடிக்கூடங்கள்ல இலை வளர்ற காலம் பூரா 28 டிகிரி செல்சியஸ் வச்சிருப்பாங்க. ஏன்? அந்தச் சூட்டுல பூக்காம்பு வராது, இலைதான் பெருக்கும். செடி தயாரானதும் 20 டிகிரிக்குப் பக்கத்துல இறக்கிடுவாங்க. சில வாரத்துல இலை இடுக்குல காம்பு எட்டிப் பார்க்கும். லட்சக்கணக்கான செடிகளை அன்னையர் தினத்துக்குச் சரியா பூக்க வைக்கிற ரகசியம் இவ்வளவுதான்.

இப்ப உங்க வீட்டை யோசிங்க. அக்டோபர் மாசம் சன்னல் ஓரம் ராத்திரி எவ்வளவு இருக்கும்? 16, 17, 18. நெதர்லாந்துக்காரன் காசு கொடுத்து மின்சாரம் செலவழிச்சு உண்டாக்குற நிலைமை உங்க சன்னல்ல இலவசமா கிடைக்குது. வருஷா வருஷம் தானா வருது. அதை வச்சுக்கிட்டு "குளிர் நாட்டுல பூக்காது"ன்னு சொன்னா சிரிக்கிறதா அழறதா?

இங்கிலாந்துக்காரனும் இதையேதான் செஞ்சான்

இந்த 'காட்டுச் செடின்னா சூடு' நம்பிக்கை புதுசு இல்லை. 1818-ல் பிரேசிலிலிருந்து போன ஒரு ஆர்க்கிட் வில்லியம் கேட்லி என்ற வணிகரின் கண்ணாடிக்கூடத்துல பூத்தது. தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி அதுக்கு கேட்லியா என்றே பேர் வச்சார். அதுக்கப்புறம் இங்கிலாந்துப் பணக்காரங்களுக்கு ஆர்க்கிட் பைத்தியம் பிடிச்சது. கப்பல் கப்பலா காட்டிலிருந்து பிடுங்கிட்டு வந்தாங்க. வந்ததை என்ன செஞ்சாங்க? காற்றே புகாத கண்ணாடி அறையில நிலக்கரி போட்டு, நீராவி விட்டு, இட்லி அவிக்கிற மாதிரி அவிச்சாங்க. செடிங்க ஆயிரக்கணக்குல செத்துச்சு.

செத்ததுல பல, ஆண்டிஸ் மலையில 2,000, 3,000 மீட்டர் உயரத்துல மேகத்துக்குள்ள சிலுசிலுன்னு வாழ்ந்த செடிங்க! ராத்திரி 10 டிகிரியில இருந்ததைக் கொண்டு வந்து கொதிக்கிற அறையில பூட்டினா? பிறகு சாட்ஸ்வர்த் தோட்டத்து ஜோசப் பாக்ஸ்டன் போன்றவங்க, எந்தச் செடி எந்த உயரத்திலிருந்து வந்ததுன்னு பார்த்து, சூட்டைக் குறைச்சு, காற்றோட்டம் விட்ட பிறகுதான் பிழைச்சது. குளிர் தேசத்துல ஆர்க்கிட்டைக் காப்பாத்தினது சன்னலைத் திறந்துவிட்ட புத்திதான். இருநூறு வருஷம் கழிச்சும் நாம ஹீட்டர் பக்கத்துல கொண்டுபோய் வச்சுக்கிட்டு இருக்கோம்.

சரி, யார்தான் கொலையாளி?

மூணு பேர். குளிர் அந்தப் பட்டியல்ல இல்லை.

ஒண்ணு, தேங்கின தண்ணி. ஃபலநாப்சிஸ் மண்ணுல வளர்ற செடியே இல்லை. மரக்கிளையில வேரைப் பரப்பித் தொத்திக்கிட்டு நிக்கிற தொற்றுத்தாவரம். (ஒட்டுண்ணி இல்லை! நம்ம ஊர் மாமரத்துல ஒட்டிக்கிட்டு வளர்ற வாண்டா டெஸ்ஸெல்லாட்டாவையும் ஒட்டுண்ணின்னு வெட்டிப் போடுறாங்க. அது மரத்துலேர்ந்து ஒரு சொட்டுகூட உறிஞ்சுறது இல்லை.) அந்த வேரைச் சுத்தி வெலாமென்னு ஒரு பஞ்சு உறை இருக்கு. மழை பெய்ஞ்சா சட்டுன்னு குடிக்கும், பிறகு காற்றுல காயும். நனைஞ்சா பச்சை, காய்ஞ்சா வெள்ளி நிறம். செடியே விளக்கு போட்டுக் காட்டுது, "தண்ணி வேணும், வேண்டாம்"னு. அந்த வேரை ஓட்டையில்லாத தொட்டியில ஊறவச்சா ஒரே மாசத்துல அழுகும். வேர் போனதும் இலை சுருங்கும். "அய்யோ வாடுதே"ன்னு இன்னும் ரெண்டு டம்ளர் ஊத்துவீங்க. அத்தோட பால் ஊத்த வேண்டியதுதான்.

ரெண்டு, ஹீட்டர் காற்று. வெளியில மைனஸ் 10 இருக்கும்போது உள்ள வர்ற காற்றை 21 டிகிரிக்குச் சூடாக்கினா, வேற எங்கிருந்தும் ஈரம் சேரலைன்னா, ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்கும் கீழ இறங்கிடும். கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த வறட்சியில மொட்டு விரியாம மஞ்சளாகி உதிரும். நம்ம உதடே வெடிக்குது, மொட்டு என்ன பண்ணும்? குற்றவாளி குளிர் இல்லை, குளிரை விரட்ட நாம போட்ட ஹீட்டர். செடியை காற்று வர்ற துவாரத்துலேர்ந்து தள்ளி வைங்க. ஈரமூட்டி ஒண்ணு ஓடினா செடிக்கும் நல்லது, உங்க தொண்டைக்கும் நல்லது.

மூணு, இருட்டு. டிசம்பர் 21 அன்னிக்கு டொராண்டோவில பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. அந்த வெளிச்சத்தையும் கொடுக்காம, டிவி பக்கத்துல அலங்காரமா வச்சா செடி பட்டினி கிடக்கும். கோடையில கிழக்கு சன்னல், குளிர்காலத்துல தெற்கு சன்னல். அதுவும் இல்லாத அடுக்குமாடி வீடா? ஒரு சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு, ஒரு அடி உயரத்துல, தினம் 12 மணி நேரம். முடிஞ்சது கதை.

குளிர் நேரடியா கொல்ற இடம் ரெண்டே ரெண்டு. கடையிலிருந்து மைனஸ் 15-ல வெறும் பையில தூக்கிட்டு வர்றப்போ. இலை உறைபனி பிடிச்ச கண்ணாடியைத் தொட்டுக்கிட்டு நிக்கிறப்போ. ரெண்டுக்கும் வைத்தியம் ஒரு காகித உறையும் நாலு விரல்கடை இடைவெளியும்.

ஐஸ் கட்டி மகாத்மியம்

இப்ப முக்கியமான சண்டைக்கு வருவோம். வாரம் மூணு ஐஸ் கட்டி போட்டா போதும்னு அட்டை சொருகி விக்கிறாங்களே, அது.

ஆர்க்கிட் வளர்க்கிறவங்கள்ல பாதிப் பேர் "வெப்பநாட்டு வேர் மேல ஐஸா, கொலை!"ன்னு குதிப்பாங்க. நான் அந்தக் கட்சி இல்லை. 2017-ல் ஒஹாயோ, ஜார்ஜியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சோதிச்சுப் பார்த்து ஹார்ட்சயின்ஸ் இதழ்ல எழுதியிருக்காங்க. ஐஸ் போட்ட செடியும், அதே அளவு தண்ணி ஊத்தின செடியும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. வேருக்கும் சேதம் இல்லை. ஆதாரம் இருக்கிறப்போ ஒத்துக்கணும். ஐஸ் கட்டி விஷம் இல்லை.

அப்புறம் ஏன் கோபம்? அந்த ஆய்வோட தலைப்பைப் பாருங்க. பூ எத்தனை நாள் *காட்சிக்கு* நிக்கும்கிறதுதான் அதுல கேள்வி. விக்கிறவங்களுக்கும் அது போதும். அடுத்த வருஷம் பூக்குமா, பத்து வருஷம் வாழுமாங்கிறது அவங்க கேள்வியே இல்லை. ஐஸ் கட்டி யோசனை உங்களுக்கு என்ன கத்துக்கொடுக்குது? வேரைப் பார்க்காதே, நாள்காட்டியைப் பார். செடியைத் தொடாதே, ஃப்ரீசரைத் திற. மூணு மாசம் கழிச்சு பூ உதிர்ந்ததும், பார்க்கவே கத்துக்காத செடியை என்ன செய்வீங்க? தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணு வாங்குவீங்க. வியாபாரம் அமோகம்.

இன்னொரு கூத்து, நீல ஆர்க்கிட். அது இயற்கை நிறம் இல்லை. வெள்ளைப் பூச்செடியின் காம்புல ஊசி மூலமா சாயத்தை ஏத்துறாங்க. அடுத்த தடவை பூத்தா வெள்ளைதான். ஆனா அடுத்த தடவைன்னு ஒண்ணு இருக்குன்னே வாங்கறவருக்குத் தெரியக்கூடாது. செடிக்குப் பேர்ச்சீட்டும் கிடையாது, வெறும் 'ஆர்க்கிட்'. நாய்க்குட்டி வாங்கினா என்ன சாதின்னு கேக்குறோம். இருபது வருஷத்துக்கு மேல வாழக்கூடிய செடிக்குப் பேரில்லை. பேரில்லாத எதையும் குப்பையில போடுறது சுலபம்.

எங்க அடுக்குமாடிக் குப்பை அறையில ஜூலை மாசம் போய்ப் பாருங்க. மே மாசம் அம்மாக்களுக்குக் கொடுத்ததெல்லாம் வரிசையா கிடக்கும். இலை பச்சையா, வேர் தடியா, சீக்கு எதுவும் இல்லாம. செஞ்ச தப்பு பூ உதிர்ந்ததுதான்! போன ரெண்டு வருஷத்துல அங்கிருந்து எடுத்துட்டு வந்தது ஏழு. பாசியைப் பிடுங்கிட்டு, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தொட்டியில மரப்பட்டைத் துண்டுல வச்சேன். அஞ்சு பூத்தது. ஒண்ணு இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கு. ஒண்ணு வேர் முழுக்க அழுகி வந்தது, பிழைக்கலை. என் கைராசின்னு யாரும் சொல்லிடாதீங்க. சன்னல்தான்.

பாட்டி வைத்தியம், யூட்யூப் வைத்தியம்

அரிசி கழுவின தண்ணி, டீத்தூள், வாழைப்பழத்தோல், வெங்காயத்தோல். ரோஜாவுக்கு என்ன வேணா பண்ணிக்குங்க. மரப்பட்டையில மாவுத்தண்ணியை ஊத்தினா பூஞ்சையும் கொசுவும்தான் வளரும். வேர்ல பட்டைத்தூள் தூவறாங்க. அது வெட்டுக்காயத்துக்கு ஆகும், நல்ல வேரைக் காயவச்சுடும். காலையில விசிறித் தெளிக்கிறது பத்து நிமிஷத்துல ஆவியாயிடும். அதுலயும் இலை நடுக்குழியில தண்ணி தேங்கினா குருத்து அழுகல். கூழாங்கல் தட்டுல தண்ணி வச்சா ஈரப்பதம் எகிறும்னு நம்புறவங்க, ஒரு ஈரமானி வாங்கிச் செடி பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு வாங்க, பேசுவோம்.

இதையெல்லாம் சொன்னா, "நாங்க அன்போட செய்றோம்"ங்கிறாங்க. ஆர்க்கிட்டைப் பொறுத்தவரைக்கும் அதிக அன்புதான் அதிக கொலை. அதுக்கு வேண்டியது கவனம். அன்புக்கும் கவனத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த வேர் நிறத்துல இருக்கு.

"பூங்கொத்து மாதிரி நினைச்சுக்கங்களேன்"

எதிர்வாதம் ஒண்ணு இருக்கு, மறைக்க விரும்பலை. "இருபது, இருபத்தஞ்சு டாலருக்கு மூணு மாசம் பூ. பூங்கொத்து ஒரு வாரம்கூட நிக்காது. கணக்குப்படி லாபம்தானே? எல்லாரும் தோட்டக்காரரா ஆகணுமா?"

ஆக வேண்டாம். ஆனா கையில என்ன வச்சிருக்கீங்கன்னு ஒரு நிமிஷம் பாருங்க. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி. உள்ள உணவே கிடையாது, காட்டுல பூஞ்சை ஊட்டினாத்தான் முளைக்கும். அதனாலதான் 19ஆம் நூற்றாண்டு முழுக்க காட்டைக் கொள்ளையடிச்சாங்க. 1856-ல் எக்ஸிடர் நகரத்துல ஜான் டாமினி என்ற தோட்டக்காரர் வளர்த்த முதல் கலப்பின ஆர்க்கிட் பூத்தது. 1922-ல் கார்னெல் பல்கலைக்கழகத்து லூயிஸ் நட்சன், பூஞ்சையே இல்லாம சர்க்கரை கலந்த அகர் கூழ்ல விதையை முளைக்க வச்சுக் காட்டினார். 1960-ல் பிரான்ஸில் ஜார்ஜ் மொரெல், நுனித்திசுவிலிருந்து சிம்பிடியத்தைப் பெருக்கும் முறையை வெளியிட்டார். நூறு வருஷ உழைப்பு! பிரபுக்கள் மட்டும் பார்த்த பூ, பால் வாங்குற கடையில உங்க கைக்கு வந்துச்சு. அதுவும் காட்டைத் தொடாம. இன்னிக்கு ஆர்க்கிட் குடும்பம் முழுக்க சைட்டீஸ் உடன்படிக்கையின் பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கு. காட்டுச்செடி கடத்தல் மட்டும் நின்னபாடில்லை.

அப்படி வந்து சேர்ந்ததை மெழுகுவர்த்தி மாதிரி எரிச்சு முடிச்சுத் தூக்கிப் போடுறோம். வெப்பநாட்டிலிருந்து பிடுங்கி வந்து, ஒரு சீசன் பகட்டா வச்சுக்கிட்டு, பூ நின்னதும் "இந்த ஊருக்கு ஒத்து வராது"ன்னு சொல்லிடறது. இந்த வசனத்தை நாமளும் வேற இடத்துல கேட்டிருக்கோமே மக்களே! வெளியூரிலிருந்து வந்து இந்தக் குளிர்ல வேர் பிடிச்சவங்க நாம. இன்னொரு உயிரைப் பார்த்து அதே தீர்ப்பைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிக்கலாம்.

வேண்டாமா, குப்பையில போடாதீங்க. வளர்க்கிறவங்ககிட்ட கொடுங்க. பல ஊர்ல ஆர்க்கிட் சங்கங்கள் இருக்கு, வாங்கிக்க ஆள் கிடைக்கும்.

வளர்க்கணுமா, இவ்வளவுதான்:

- ஓட்டையுள்ள, உள்ள தெரியிற பிளாஸ்டிக் தொட்டி. மரப்பட்டைத் துண்டு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்.
- வேர் வெள்ளியானா தண்ணி. நல்லா ஊத்தி முழுக்க வடிச்சிடணும். பச்சையா இருந்தா கை வைக்காதீங்க.
- வளரும் காலத்துல உரம், அட்டையில போட்டதுல பாதிக்கும் குறைவா.
- அக்டோபர்ல மூணு நாலு வாரம், ராத்திரி 16லேர்ந்து 18 டிகிரி இருக்கிற சன்னல் ஓரம். கையுறை மாதிரி நுனியோட ஒரு முளை வந்தா அது காம்பு. உருண்டை நுனின்னா வேர்.
- பொறுமை. காம்பு தெரிஞ்சதுலேர்ந்து பூக்க மூணு மாசம்.

இதுல தேறினவங்களுக்குக் குளிர் இன்னும் பெரிய பரிசு வச்சிருக்கு. இமயமலை அடிவாரத்துச் சிம்பிடியமும், சிக்கிமின் மாநிலப்பூவான டென்ட்ரோபியம் நோபிலியும் இலையுதிர்காலத்துல 10, 12 டிகிரி ராத்திரி கிடைச்சாத்தான் ஒழுங்கா பூக்கும். சென்னையில இருக்கிறவங்க தலைகீழா நின்னாலும் வராது. இங்க செப்டம்பர் மாசம் பால்கனியில வச்சா வரும். உறைபனிக்கு முன்னாடி உள்ள எடுத்தா போதும்.

ஆக, ஜனவரியில வெளியில பனி கொட்டும்போது உங்க சன்னல்ல பூ இல்லைன்னா, வானிலையைத் திட்டாதீங்க. தொட்டியைத் தூக்கி அடியில ஓட்டை இருக்கான்னு பாருங்க.

பி.கு: "எங்க வீட்டுல ஓட்டையே இல்லாத தொட்டியில அஞ்சு வருஷமா ஐஸ் போட்டு வளருது"ன்னு பின்னூட்டம் வரும்னு தெரியும். வாழ்த்துகள். வேரைப் படம் எடுத்துப் போடுங்க, அப்புறம் சண்டை போடலாம் :-)